கூடுதல் ஈயம் யாருக்குப் பாதுகாப்பு?

புதுச்சேரியிலிருந்து கிளம்பும் டைவிங் படகாக இருக்கட்டும், அந்தமானின் ஸ்வராஜ் தீவிலிருந்து புறப்படும் படகாக இருக்கட்டும், ஸ்கூபா கற்க வந்த புதியவர் இடுப்பில் ஈயக் கட்டிகள் கோத்த வெயிட் பெல்ட்டைக் கட்டும் நேரத்தில் ஒரு வாக்கியம் காதில் விழும்: "புது ஆளுதானே, இன்னும் ரெண்டு கிலோ போட்டு விடு." சொல்பவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. மாணவர் கீழே இறங்க முடியாமல் தத்தளிக்கக் கூடாது, இறங்கியபின் பலூன்போல மேலே கிளம்பிவிடக் கூடாது என்ற அக்கறைதான். ஆனால் அக்கறையோடு சொல்லப்படுவதாலேயே அதை யாரும் கேள்வி கேட்பதில்லை. எழுதப்படாத சட்டமாகவே அது நிலைத்துவிட்டது.

இந்தச் சட்டத்தை மூன்று நம்பிக்கைகள் தாங்கி நிற்கின்றன. கூடுதல் எடை புதியவரைக் கீழே நிறுத்திவைக்கும், ஆகவே அது பாதுகாப்பு என்பது முதல் நம்பிக்கை. எவ்வளவு ஈயம் வேண்டும் என்பதற்கு உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு என்ற கணக்கு போதும் என்பது இரண்டாவது. மிதப்பைக் கட்டுப்படுத்துவது நாள்பட வரும் கலை, முதல் வகுப்பிலேயே அதற்காக அலட்டிக்கொள்ள வேண்டாம் என்பது மூன்றாவது. மூன்றும் தவறு. அதிலும் முதலாவது, உயிருக்கு உலை வைக்கும் தவறு.

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு வலுவோடு முதலில் எடுத்துக்கொள்வோம். ஒரு பயிற்றுநரிடம் நான்கு மாணவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் எட்டு மீட்டர் ஆழத்தில் பயந்துபோய் மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே கிளம்புகிறார். மேலே வர வர நீரின் அழுத்தம் குறைகிறது, நுரையீரலில் அடைபட்ட காற்று விரிகிறது, நுரையீரல் கிழிகிறது, காற்றுக்குமிழ் ரத்தத்தில் கலந்து மூளையை அடைக்கிறது. ஸ்கூபாவில் மிகக் கொடிய விபத்துகளில் இது ஒன்று. இதற்கு ஆழம்கூட வேண்டாம், நீச்சல் குளத்தின் ஆழமே போதும். அந்த மாணவரிடம் இரண்டு கிலோ அதிகம் இருந்திருந்தால் மேலே கிளம்பியிருக்க மாட்டார் அல்லவா? அவர் கீழே மூழ்கினால் கையைப் பிடித்துத் தூக்கிவிடலாம், மேலே பறந்தால் யார் பிடிப்பது? கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. இந்த அச்சம் உண்மையானது. ஆனால் அதற்குத் தரப்படும் மருந்துதான் அந்த நோயையே வளர்க்கிறது.

எப்படி என்று பார்ப்போம். கூடுதலாகக் கட்டிய ஈயம் ஒருவரைக் கீழே நிறுத்திவைப்பதில்லை. அது அவரை இடைவிடாமல் கீழே இழுக்கிறது. தரையில் மோதாமல் இருக்க, அந்த இழுப்புக்கு ஈடாக, மிதப்பைக் கட்டுப்படுத்தும் பிசிடி ஜாக்கெட்டுக்குள் அவர் காற்றடைத்தாக வேண்டும். ஒரு கிலோ கூடுதல் எடைக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் காற்று. நான்கு கிலோ கூடுதல் என்றால் நான்கு லிட்டர். ஈயம் ஆழத்துக்கு ஆழம் மாறாது. காற்று மாறும். ராபர்ட் பாயில் 1662இல் வெளியிட்ட விதி அதுதான்: அழுத்தம் இருமடங்கானால் காற்றின் கன அளவு பாதியாகும், அழுத்தம் பாதியானால் கன அளவு இருமடங்காகும். கடல்மட்டத்தில் 1 பார் அழுத்தம், பத்து மீட்டரில் 2 பார், இருபதில் 3, முப்பதில் 4.

பத்து மீட்டர் ஆழத்தில் இருவர் சமநிலையில் மிதக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் சரியான எடை கட்டியவர். வெட்சூட் நசுங்கியதற்கும் சிலிண்டரில் மிச்சமுள்ள காற்றின் எடைக்கும் ஈடாக அவர் ஜாக்கெட்டில் இரண்டு லிட்டர் காற்று இருக்கிறது. மற்றவர் நான்கு கிலோ அதிகம் கட்டியவர், அவர் ஜாக்கெட்டில் ஆறு லிட்டர். இருவரும் கவனக்குறைவாக மூன்று மீட்டர் மேலே நகர்ந்துவிடுகிறார்கள். ஏழு மீட்டரில் அழுத்தம் 1.7 பார். முதலாமவரின் இரண்டு லிட்டர் 2.35 ஆகிறது, அவரை மேலே தள்ளும் விசை சுமார் 350 கிராம். இரண்டாமவரின் ஆறு லிட்டர் ஏழைத் தாண்டுகிறது, அவரைத் தள்ளும் விசை ஒரு கிலோவுக்கும் மேல்.

இந்த 350 கிராமுக்கும் ஒரு கிலோவுக்கும் நடுவில்தான் எல்லாம் இருக்கிறது. அமைதியாக இருக்கும் ஒரு மனிதர் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளிழுப்பது அரை லிட்டர் அளவு. சற்று ஆழமாக வெளிவிட்டால், 350 கிராம் தள்ளலை நுரையீரலாலேயே அடக்கிவிடலாம். கை ஜாக்கெட்டின் பொத்தானைத் தேட வேண்டியதில்லை. ஒரு கிலோவை அப்படி அடக்க வேண்டுமென்றால் நுரையீரலைக் காலியாக வைத்துக்கொண்டே மூச்சுவிட வேண்டும். அனுபவசாலிக்கே திணறும், புதியவருக்கு முடியாது. அவர் காற்றை வெளியேற்றும் குழாயைத் தேடி, உயர்த்தி, பொத்தானை அழுத்துவதற்குள் இன்னும் இரண்டு மீட்டர் ஏறியிருப்பார். காற்று இன்னும் விரிந்திருக்கும். இப்படியே விட்டால் பத்து மீட்டரில் இருந்த ஆறு லிட்டர் நீர்மட்டத்தில் பன்னிரண்டு லிட்டராகும். நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் ஏறாதே என்று வகுப்பில் சொன்னது அப்போது யார் நினைவில் இருக்கும்?

கீழ்நோக்கியும் இதே கதை. அதே இருவரும் பத்திலிருந்து பதின்மூன்று மீட்டருக்கு இறங்கினால், முதலாமவர் கால் கிலோ அளவுக்குக் கனமாகிறார், இரண்டாமவர் முக்கால் கிலோவைத் தாண்டிக் கனமாகிறார். உடனே அவர் காற்றை அடிக்கிறார், அதிகம் அடித்துவிடுகிறார், மேலே கிளம்புகிறார், வெளியேற்றுகிறார், மறுபடி மூழ்குகிறார். கற்றுக்கொள்ளும் டைவர்கள் ஏணியில் ஏறி இறங்குவதாகத் தெரிவதற்குக் காரணம் திறமைக் குறைவு என்கிறோம். அவர்களுக்கு நாம் கட்டிவிட்ட ஈயத்தில் பாதிக் காரணம் இருக்கிறது. ஆக, மேலே கிளம்பிவிடுவார் என்று பயந்து கட்டிய ஈயம், அவரை மேலே கிளப்பும் காற்றுப்பையைப் பெரிதாக்கியிருக்கிறது. கூடுதல் எடை தருவது நிலைப்பாடு அல்ல, ஊசலாட்டம்.

"மூழ்கினால் தூக்கிவிடலாம்" என்ற பேச்சுக்கு வருவோம். அந்தப் பேச்சு ஒன்றை மறந்துவிடுகிறது: ஜாக்கெட்டுக்குக் காற்று வருவது அதே சிலிண்டரிலிருந்துதான். சிலிண்டர் காலியானால் மூச்சும் போகிறது, மிதப்பும் போகிறது. 1992 முதல் 2003 வரை நிகழ்ந்த 947 ஸ்கூபா மரணங்களை டைவர்ஸ் அலெர்ட் நெட்வொர்க் என்ற டைவிங் பாதுகாப்பு அமைப்பின் ஆய்வாளர்கள் அலசி 2008இல் வெளியிட்டார்கள். தொடக்கக் காரணம் என்னவென்று கண்டறிய முடிந்த மரணங்களில் 41 சதவீதம், காற்றுத் தீர்ந்துபோனதில் தொடங்கியவை. காற்றுத் தீர்ந்த ஒருவர் எப்படியோ நீந்தி மேலே வந்துவிட்டார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சரியான எடை கட்டியவர் காலிச் சிலிண்டரோடு மிதப்பார், ஜாக்கெட்டை வாயால் ஊதிக்கொண்டு உதவிக்குக் காத்திருக்கலாம். ஐந்து கிலோ அதிகம் கட்டியவர் அலையில் வாயை நீருக்கு மேலே வைத்துக்கொள்ளவே கால்களால் உதைத்துக்கொண்டிருக்க வேண்டும். களைத்ததும் மூழ்குவார்.

எடையைக் கழற்றி எறியலாமே என்பீர்கள். கழற்றலாம்தான். ஆனால் மூழ்கி இறந்தவர்களில் பெரும்பாலோரின் உடல், ஈயம் கழற்றப்படாத நிலையிலேயே மீட்கப்படுகிறது என்பது பல நாட்டு ஆய்வுகளிலும் திரும்பத் திரும்ப வரும் செய்தி. பீதியில் இருக்கும் மனிதருக்கு பெல்ட்டின் கொக்கி ஞாபகம் வராது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நடந்த ஸ்கூபா மரணங்களைப் பற்றி கார்ல் எட்மண்ட்ஸும் டக்ளஸ் வாக்கரும் 1989 முதல் எழுதிய ஆய்வுக் கட்டுரைகளில், ஏறத்தாழ பாதி மரணங்களில் மிதப்புச் சிக்கல் இருந்ததாகப் பதிவாகியிருக்கிறது. அவற்றிலும் பெரும்பாலானவை மிதப்புப் போதாமல் போன சம்பவங்கள். மேலே பறந்துவிடுவார்களோ என்ற பயத்தில் எல்லோரும் ஒரு வாசலைக் காவல் காக்க, ஆட்கள் மறுவாசல் வழியாகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

2020 நவம்பரில் அமெரிக்காவின் மான்டானா மாநிலத்தில், குளிர்ந்த மலை ஏரி ஒன்றில் பயிற்சி டைவுக்குப் போன பதினெட்டு வயது மாணவி இறந்துபோனார். அவர் அணிந்திருந்தது நீர் புகாத டிரை சூட். அதற்குள் காற்றுச் செலுத்தும் குழாய் இணைக்கப்படவே இல்லை. அவர் மீது ஏற்றப்பட்டிருந்த ஈயம் 44 பவுண்டு, அதாவது சுமார் 20 கிலோ. எளிதில் கழற்றி எறிய முடியாதபடி பைகளுக்குள் செருகப்பட்ட ஈயம். ஆழம் கூடக் கூட சூட் உடலை நெருக்கியது, மிதப்புக் குறைந்தது, ஈயம் இழுத்தது. இதில் பல தவறுகள் ஒன்றுசேர்ந்தன, எல்லாவற்றையும் எடையின் தலையில் கட்டுவது நேர்மையாகாது. ஆனால் "மூழ்கினால் தூக்கிவிடலாம்" என்ற வாதத்தை இந்தச் சம்பவத்துக்கு முன்னால் நின்று யாராவது சொல்லிப் பார்க்கட்டும்.

சரி, புதியவர்கள் உண்மையிலேயே இறங்க முடியாமல் தவிக்கிறார்களே, அதற்கென்ன பதில்? தவிக்கிறார்கள் என்பது மெய். ஈயம் போதாததால் தவிக்கிறார்கள் என்பதுதான் பொய். முதல் காரணம் நுரையீரல். பயந்த மனிதர் நெஞ்சு நிறைய இழுத்துக்கொள்கிறார், முழுதாக வெளிவிடுவதில்லை. நுரையீரலில் தேவைக்கு மேல் இரண்டு லிட்டர் காற்று நின்றால் அது இரண்டு கிலோ மிதப்பு. அடுத்தது கால்கள். நிமிர்ந்து நின்றபடி இறங்க முயலும்போது பதற்றத்தில் அவர் ஃபின்களை உதைத்துக்கொண்டே இருக்கிறார், ஒவ்வொரு உதையும் அவரை மேலே தள்ளுகிறது. இன்னொன்று, ஜாக்கெட்டில் தங்கிய காற்று. காற்றை வெளியேற்றும் குழாயைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடிக்காமல் பொத்தானை அழுத்தினால் பாதிக் காற்று உள்ளேயே நிற்கும். உலர்ந்த வெட்சூட்டின் மடிப்புகளிலும் காற்று ஒளிந்திருக்கும்.

இவற்றில் ஒன்றுக்கும் ஈயம் தீர்வல்ல. மூச்சை முழுதாக விடு, காலை அசைக்காதே, குழாயை உயர்த்து என்று மூன்று வார்த்தை சொன்னால் தீர்ந்தது. அதைச் சொல்லாமல் இரண்டு கிலோவைச் செருகுகிறோம். அவர் இறங்கிவிடுகிறார். ஈயம் வேலை செய்தது என்று நமக்குத் திருப்தி. பத்து நிமிடத்தில் அவர் பயம் தெளிந்து மூச்சு சீராகும்போது, நுரையீரலில் நின்ற அந்த இரண்டு லிட்டர் காற்று போய்விடும். இடுப்பில் கட்டிய இரண்டு கிலோ போகாது. பயத்துக்குக் கட்டிய எடையைப் பயம் போனபின் யாரும் அவிழ்ப்பதில்லை. அடுத்த டைவிலும் அதே எடை, அடுத்த ஊரிலும் அதே எடை. "எனக்கு எட்டு கிலோ வேண்டும்" என்று பல வருடம் கழித்தும் சொல்லிக்கொண்டிருக்கும் டைவர்கள், முதல் நாள் பயத்தை இன்னும் இடுப்பில் சுமந்துகொண்டிருப்பவர்கள்.

இப்போது அந்தப் பத்தில் ஒரு பங்குக் கணக்கு. எண்பது கிலோ மனிதருக்கு எட்டு கிலோ ஈயம் என்பது, ஆளைப் பார்க்காமல் வயதை மட்டும் கேட்டுச் சட்டை தைக்கும் தையற்காரரின் கணக்கு. ஒருவர் மிதப்பதும் மூழ்குவதும் அவர் எத்தனை கிலோ என்பதில் இல்லை, அந்தக் கிலோ எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பதில் இருக்கிறது. கொழுப்பு நீரைவிட இலகு, தசை நீரைவிடச் சற்றுக் கனம். ஒருவர் உடலில் பத்து கிலோ கொழுப்பு கூடினால் கடல்நீரில் அது ஏறத்தாழ 1.4 கிலோ மிதப்பைத் தரும். இன்னொருவர் பத்து கிலோ தசை ஏற்றினால் அது மிதக்காது, 300 கிராம் அளவுக்கு மூழ்கும். முதலாமவருக்குக் கூடுதலாக 1.4 கிலோ ஈயம் தேவை, இரண்டாமவருக்கு இருந்ததில் கொஞ்சம் குறைக்க வேண்டும். பத்தில் ஒரு பங்குக் கணக்கோ இருவருக்கும் ஒரே மாதிரி ஒரு கிலோவைக் கூட்டச் சொல்கிறது. இருவருக்குமே அது தவறு.

உடலை மட்டும் பார்த்தால் போதுமா என்றால் அதுவும் இல்லை. தண்ணீரைக் கேட்க வேண்டும். கடல்நீர் நன்னீரைவிட சுமார் 2.5 சதவீதம் அடர்த்தி கூடியது. உபகரணங்களோடு சேர்த்து நூறு லிட்டர் இடத்தை அடைக்கும் டைவருக்கு நீச்சல் குளத்துக்கும் கடலுக்கும் இடையே இரண்டரை கிலோ வித்தியாசம். உடையைக் கேட்க வேண்டும். வெட்சூட் தைக்கப்படும் நியோப்ரீனுக்குள் நுண்ணிய வாயுக்குமிழ்கள் இருக்கின்றன. மெல்லிய மூன்று மில்லிமீட்டர் சூட்டுக்கும் ஏழு மில்லிமீட்டர் சூட்டுக்கும் மிதப்பில் பெரிய இடைவெளி உண்டு. பல வருடம் உழைத்த சூட் புதிய சூட் அளவுக்கு மிதக்காது. சிலிண்டரைக் கேட்க வேண்டும். நம் பக்கத்துக் கடல்களில் பரவலாகக் கிடைக்கும் 11 லிட்டர் அலுமினியச் சிலிண்டர் நிறைந்திருக்கும்போது நீரில் சற்று மூழ்கும், காலியாகும்போது மிதக்கத் தொடங்கும். எஃகுச் சிலிண்டர் அப்படி மிதக்காது. இத்தனை கேள்விக்கும் ஒரே பதில் சொல்லும் சூத்திரத்தை, சூத்திரம் என்று அழைப்பதே அதிகம். முதல் ஊகத்துக்கு ஒரு தொடக்கப் புள்ளி என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

சரியான எடை ஊகிக்க வேண்டிய ஒன்றல்ல, அளக்க வேண்டிய ஒன்று. அளக்கும் முறையும் கடினமில்லை. எல்லா உபகரணங்களோடும் ஆள் நிற்க முடியாத ஆழத்தில், ரெகுலேட்டரை வாயில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து மிதக்க வேண்டும். ஜாக்கெட்டின் காற்றை முழுதாக வெளியேற்ற வேண்டும். கால்களைப் பின்னிக்கொண்டு அசையாமல் நிறுத்த வேண்டும். இயல்பான ஒரு மூச்சை இழுத்துச் சிறிது நேரம் பிடித்தால் நீர்மட்டம் கண்ணுக்கு நேராக நிற்க வேண்டும், மூச்சை விட்டால் மெல்ல மூழ்க வேண்டும். மூச்சைப் பிடித்திருக்கும்போதே மூழ்கினால் ஈயம் அதிகம். முழுதாக விட்டபின்னும் தலை வெளியே நின்றால் குறைவு. ஒவ்வொரு கிலோவாக, கடைசியில் அரைக் கிலோவாக மாற்றிப் பார்த்தால் போதும்.

இதில் கவனிக்க வேண்டிய நுணுக்கம் சிலிண்டரின் காற்று. காற்றுக்கு எடை இல்லை என்றே நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். 11 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் அடைத்த காற்றின் எடை சுமார் 2.7 கிலோ. டைவ் முடிந்து 50 பார் மிச்சத்தோடு வரும்போது அதில் இரண்டு கிலோ குமிழாகப் போயிருக்கும். எனவே டைவின் தொடக்கத்தில் சரியாக மூழ்கும் ஒருவர், முடிவில் இரண்டு கிலோ இலகுவாகிவிடுவார். ஐந்து மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் நிற்க வேண்டிய சேஃப்டி ஸ்டாப்பில் அவரால் நிற்க முடியாது. ஆகவே இந்தச் சோதனையை டைவின் முடிவில், 50 பார் மிச்சத்தோடு செய்வதுதான் சரி. நிறைந்த சிலிண்டரோடு தொடக்கத்தில் செய்தால், கிடைக்கும் எடையோடு இரண்டு கிலோ சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்த இரண்டு கிலோவுக்குக் கணக்கு இருக்கிறது. "புது ஆளுதானே" என்று போடும் இரண்டு கிலோவுக்கு எந்தக் கணக்கும் இல்லை.

சோதனையின் முடிவை எழுதி வைப்பது இன்னொரு பாதி வேலை. எந்தச் சூட், எந்தச் சிலிண்டர், கடலா குளமா, எத்தனை கிலோ என்ற நான்கு விவரமும் லாக் புக்கில் ஒரு வரி. அது இருந்தால் அடுத்த ஊரில் அடுத்த படகில் "எவ்வளவு போடட்டும்?" என்ற கேள்விக்கு அவரே பதில் சொல்வார். இன்று அந்தக் கேள்விக்குப் பதிலாக மாணவர் பயிற்றுநரின் முகத்தைப் பார்க்கிறார், பயிற்றுநர் மாணவரின் தொந்தியைப் பார்க்கிறார்.

மூன்றாவது நம்பிக்கைக்கு வருவோம். மிதப்புக் கட்டுப்பாடு அனுபவத்தில் தானாக வரும் என்கிறார்கள். அனுபவம் எதைப் பழக்குகிறதோ அதுதான் வரும். நான்கு கிலோ அதிகம் கட்டி ஐம்பது முறை மூழ்கியவர், நான்கு கிலோவைச் சமாளிப்பதில் தேறியிருப்பார், மிதப்பில் தேறியிருக்க மாட்டார். எடை தவறாக இருக்கும் வரை மூச்சால் உயரத்தைக் கட்டுப்படுத்தும் பாடத்தை உடல் கற்கவே முடியாது. அந்தப் பாடம் வேலை செய்யும் எல்லைக்குள் அவர் ஒருபோதும் வருவதில்லை.

இதன் வேர் பயிற்சி முறையிலேயே இருக்கிறது. மாணவர்களைக் குளத்தின் தரையில் முழங்காலிட வைத்து, மாஸ்க்கில் புகுந்த நீரை வெளியேற்றுவது, ரெகுலேட்டரைக் கழற்றி மாட்டுவது எல்லாவற்றையும் சொல்லித் தருவது பழைய வழக்கம். முழங்காலிட்டவர் நகராமல் இருக்கக் கூடுதல் எடை வசதிதான். ஆனால் அந்த வசதி யாருக்கு? நான்கு மாணவர்களை வரிசையாக உட்கார வைத்து மேய்க்கும் பயிற்றுநருக்கு. பவளத்திட்டின் மேல் பதினைந்து மீட்டரில் மாஸ்க்கில் நீர் புகுந்தால் எந்த டைவரும் முழங்காலிட இடம் தேட முடியாது. மிதந்தபடியே செய்ய வேண்டிய வேலையை உட்கார்ந்து கற்பித்துவிட்டு, பிறகு மிதக்கத் தெரியவில்லையே என்று குறைபடுகிறோம். பயிற்சி அமைப்புகளே இதை உணராமல் இல்லை. பாடி (PADI) என்ற டைவிங் பயிற்சி நிறுவனம் தன் அடிப்படைப் பயிற்சியை 2013 வாக்கில் திருத்தியபோது மிதப்புக்கும் எடைக்கும் கூடுதல் அழுத்தம் கொடுத்தது. கையேட்டில் சரியாகத்தான் இருக்கிறது. கையேட்டுக்கும் படகின் பின்தட்டுக்கும் இடையிலான தூரத்தில்தான் தவறு நடக்கிறது.

தவறான எடையின் விலையை டைவர் மட்டும் கொடுப்பதில்லை. ஈயம் இடுப்பில், அதற்கு ஈடான காற்று நெஞ்சைச் சுற்றி. இடுப்பு தாழ, நெஞ்சு உயர, உடல் சாய்ந்து கால் கீழே தொங்கும். அந்த நிலையில் ஃபின் உதைத்தால் முன்னே போவதோடு மேலேயும் ஏறுவார், உதைப்பதை நிறுத்தினால் மூழ்குவார். ஆகவே நிறுத்தாமல் உதைப்பார். உதைக்க உதைக்கக் காற்று வேகமாகத் தீரும். கூட வந்தவர்களெல்லாம் ஐம்பது நிமிடம் பார்க்கும் கடலை அவர் முப்பது நிமிடத்தில் முடித்துக்கொள்வார். தொங்கும் ஃபின்கள் மணலைக் கிளறிப் பின்னால் வருபவரின் பார்வையைக் கெடுக்கும், பவளத்தை உடைக்கும். ஒரு உதையில் உடையும் பவளக் கிளை பல ஆண்டுகளில் வளர்ந்தது. பவளத்தைத் தொடாதீர்கள் என்று படகில் அறிவுரை சொல்லிவிட்டு, தொடாமல் இருக்க முடியாத எடையைக் கட்டி அனுப்புவது என்ன நியாயம்?

நல்ல ஜாக்கெட் இருந்தால் கூடுதல் எடையை அது பார்த்துக்கொள்ளும் என்பவர்களும் உண்டு. ஜாக்கெட்டின் வரலாற்றை அவர்கள் கொஞ்சம் திரும்பிப் பார்க்கலாம். கூஸ்தோவும் கான்யானும் உருவாக்கிய அக்வாலங் என்ற சுவாசக் கருவியோடு 1943இல் டைவர்கள் கடலில் இறங்கியபோது ஜாக்கெட் கிடையாது. பிரான்சின் மொரீஸ் ஃபென்சி 1960களின் தொடக்கத்தில் கழுத்தில் மாட்டும் காற்றுப்பையைக் கொண்டுவந்தார். உடலைச் சுற்றிய ஜாக்கெட் 1970களில் வந்தது. அதற்கு முந்தைய டைவர்களுக்குத் தவறான எடையை மறைக்க வழியே இல்லை. அளவு தப்பினால் அந்த நிமிடமே தெரிந்துவிடும், எனவே அளந்து கட்டினார்கள். வெட்சூட் நசுங்குவதையும் சிலிண்டர் காற்றின் எடையையும் ஈடுசெய்யத்தான் ஜாக்கெட் வந்தது. அளக்காமல் கட்டிய ஈயத்தைத் தூக்கிச் சுமக்க அது வரவில்லை.

நம் மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பவர்களுக்கும் இது தெரிந்திருந்தது. கனத்த கல்லில் கால் வைத்துக் கயிற்றைப் பிடித்து இறங்குவார்கள். கீழே போனதும் கல்லை விட்டுவிடுவார்கள், படகிலிருப்பவர் அதை மேலே இழுத்துக்கொள்வார். இறங்குவதற்கு மட்டும்தான் கல். சிப்பி பொறுக்குவதும் ஏறுவதும் கல் இல்லாமல். ஒரே மூச்சில் வேலை பார்த்த அவர்களுக்கு ஒவ்வொரு கிலோவும் மூச்சுக் கணக்கு. முதுகில் காற்றைச் சுமந்துகொண்டு போகும் நமக்கும் அதே கணக்குதான். சிலிண்டர் இருக்கும் தைரியத்தில் மறந்துவிட்டோம்.

இத்தனையும் சொன்னதால் ஈயம் குறையக் குறையத் திறமை என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அனுபவம் வாய்ந்த டைவர்களிடையே அந்த வீம்பும் இருக்கிறது. "நான் இரண்டு கிலோவில் இறங்குவேன்" என்று சொல்லிக்கொள்பவர், காலியான அலுமினியச் சிலிண்டரோடு சேஃப்டி ஸ்டாப்பில் நிற்க முடியாமல் பாறையைப் பிடித்துக்கொண்டிருப்பார். அதுவும் அளக்காமல் கட்டியதுதான். குறைந்த எடையும் ஆளைக் கொல்லும். அதேபோல, பயிற்சி இல்லாத சுற்றுலாப் பயணியை ஒரு பயிற்றுநர் சிலிண்டரைப் பிடித்தபடியே கூட்டிப்போகும் அறிமுக டைவில், ஒரு கிலோ அதிகம் இருப்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். அங்கே மிதப்பு பயணியின் கையில் இல்லை, பயிற்றுநரின் கையில் இருக்கிறது. ஆனால் தனக்கென்று சான்றிதழ் வாங்கப்போகிற மாணவரை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. நாளை அவர் இன்னொரு புதியவரோடு ஜோடியாக இறங்கப்போகிறவர். அங்கே அவர் சிலிண்டரைப் பிடித்துக்கொள்ள யாரும் இருக்க மாட்டார்கள்.

நேரமில்லை என்பதுதான் கடைசியாக மிஞ்சும் சாக்கு. படகில் பன்னிரண்டு பேர், அலை ஏறுகிறது, ஒவ்வொருவருக்கும் சோதனை செய்ய முடியுமா என்று கேட்கிறார்கள். ஒருவருக்கு ஐந்து நிமிடம் ஆகும். முதல் நாள் ஒருமுறை அளந்து எழுதி வைத்தால், உபகரணமோ நீரோ மாறும்வரை மறுபடி அளக்கத் தேவையில்லை. நீரில் இறங்கியபின் ஏறி இறங்கி அல்லாடும் மாணவரைத் துரத்துவதில் பயிற்றுநர் இழக்கும் நேரம் இதைவிட அதிகம்.

பயிற்றுநர்களுக்கு ஒரு வேண்டுகோள்: முதல் வகுப்பின் முதல் பாடமாக எடைச் சோதனையை வையுங்கள். மாணவர் இறங்க முடியாமல் தவித்தால் ஈயத்தில் கை வைக்கும் முன் அவர் மூச்சையும் காலையும் பாருங்கள். தவிர்க்க முடியாமல் கூட்டினால், பயம் தெளிந்த அடுத்த டைவில் அந்த எடையை நீங்களே எடுத்துவிடுங்கள். கற்க வருபவர்களுக்கும் ஒன்று: உங்கள் இடுப்பில் எத்தனை கிலோ இருக்கிறது, அது ஏன் அத்தனை கிலோ என்று கேளுங்கள். "எல்லோருக்கும் இப்படித்தான்" என்று பதில் வந்தால், சோதித்துப் பார்க்காமல் இறங்க மாட்டேன் என்று சொல்லுங்கள். பணம் கொடுத்துக் கற்பவருக்கு அதைச் சொல்லும் உரிமை உண்டு.